முதல் பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தல்

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-ஆம் ஆண்டு 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இறுதிச் சுற்றில் மனு பாக்கர் 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வென்று, அடுத்த சில நாட்களிலேயே சரப்ஜோத் சிங்குடன் இணைந்து கலப்பு அணிப் பிரிவிலும் இன்னொரு வெண்கலத்தைக் கைக்கொண்ட பிறகு, மதுரை நகரத்திலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று அதைச் சூழ்ந்து கிடக்கும் சமவெளி ஊர்களிலும் தம் பிள்ளைகளை இந்த விளையாட்டில் சேர்க்க விரும்பும் பெற்றோர் முதலில் கேட்பது, செலவு மிகாமல் வாங்கத்தக்க நல்ல பிஸ்டல் எது என்பதே. இந்தக் கேள்விக்குக் கடைக்காரர் சொல்லும் விடையும் பயிற்சியாளர் சொல்லும் விடையும் பல சமயங்களில் வேறுபடுவதால், இதைச் சற்று விரிவாக ஆராய்வது பிரயோஜனமாக இருக்கும்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடலாம். வெடிமருந்தால் இயங்கும் பாயிண்ட் 22 ரகத் துப்பாக்கிக்கு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றாக வேண்டும். 2016-ஆம் ஆண்டின் விதிகளோ, குழல் துவாரம் 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்பதில்லை. ஆகவே நடுத்தரக் குடும்பத்தார் வாங்கும் முதல் பிஸ்டல் ஏறக்குறைய எப்போதும் ஏர் பிஸ்டலாகவே அமைகிறது.

பணம் எங்கே பயன் தருகிறது என்பதை அறிய இலக்கு அட்டையைக் கொஞ்சம் உற்று நோக்க வேண்டும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் எட்டு மில்லிமீட்டர் அகலம். சுடுபவர் கையை நீட்டி நிற்கையில் துப்பாக்கி முழுவதும் ஒரே சீராக ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், குண்டும் அதே ஒரு மில்லிமீட்டர்தான் விலகும். அதனால் நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் விசையை அழுத்தும் கணத்தில் மணிக்கட்டு அசைந்து, பின்குறியின் பள்ளத்துக்கு நடுவே நிற்க வேண்டிய முன்குறி ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கிவிடுமானால், இரு குறிகளுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 32 சென்டிமீட்டர் என்று கொண்டால், அந்தச் சிறு பிழை பத்து மீட்டருக்கு அப்பால் முப்பத்தொரு மில்லிமீட்டராகப் பெருகி, ஏறக்குறைய நான்கு வளையங்களை விழுங்கிவிடும். மிதமான விலையுள்ள போட்டிப் பிஸ்டலைக்கூட ஒரு பற்றுக்கருவியில் இறுக்கிச் சுட்டால் குண்டுகள் பத்தாம் வட்டத்துக்குள்ளேயே குவிகின்றன என்பதை நினைத்துப் பார்க்கும்போது, புதிதாகப் பழகுபவன் இழக்கும் புள்ளிகளுக்குக் குழல் பொறுப்பன்று, கையும் விசையும் சேருமிடமே பொறுப்பு என்பது தெளிவாகும்.

ஆதலால் வாங்குபவர் ஆராய வேண்டியவை கைப்பிடியும் விசையுமே என்பது என் திடமான அபிப்பிராயம். நாதஸ்வர வித்வான் தம் உதட்டுக்கு இசைந்த சீவாளியைத் தேடி எடுப்பதைப்போல், சுடுபவரும் தம் உள்ளங்கைக்கு இசைந்த பிடியைத் தேடியே ஆக வேண்டும். பிடி சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய பரீட்சை உண்டு: கண்களை மூடிக்கொண்டு கையை உயர்த்தி, பின்னர் திறந்து பாருங்கள், முன்குறி பின்குறியின் நடுவே தானாகவே வந்து நின்றால் பிடி பொருந்துகிறது, ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை முறுக்கிச் சரிசெய்ய நேர்ந்தால் பொருந்தவில்லை. அப்படிப்பட்ட பிடியையும் அரத்தால் தேய்த்தும், மரப்புட்டி அப்பிக் காயவைத்தும் கைக்கு ஏற்றதாக்கிக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம். சித்திரை வெயிலில் உள்ளங்கை வியர்க்கும் நம் ஊரில் வழவழப்பான பிளாஸ்டிக் பிடி உதவாது. சொரசொரப்பாகச் செதுக்கிய மரப்பிடியே வேண்டும். விசையைப் பொறுத்தவரை, அது ஐந்நூறு கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது சர்வதேச விதி. துப்பாக்கியைக் குழல் மேல்நோக்கும்படி நிறுத்தி, அரைக்கிலோ எடையை விசையில் மாட்டித் தூக்கிப் பார்த்தால், அது விதிக்கு உட்பட்டதா என்பது அரை நிமிடத்தில் விளங்கிவிடும். பத்து முறை தூக்கினாலும் பத்து முறையும் தாங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சினிமாவில் காணும் இராணுவத் துப்பாக்கியின் சாயலில் வார்க்கப்பட்டு, சிறு வாயுக் குப்பியால் எஃகுக் குண்டுகளை உமிழும் மலிவான பிஸ்டல்களைப் பார்த்துப் பிள்ளைகள் ஆசைப்படுவது இயல்பு. அவற்றை வாங்குவது வீண். போட்டியில் ஈயம் முதலிய மென்பொருளால் ஆன குண்டுகளுக்கே அனுமதி. எஃகுக் குண்டோ தடுப்பில் பட்டுத் திரும்பித் தெறிக்கும்.

உண்மையான தேர்வு இரண்டு வகைகளுக்கு இடையேதான். ஒன்று, ஒவ்வொரு சுடுதலுக்கும் நெம்புகோலை ஒருமுறை இழுத்துக் காற்றை அடைக்கும் வகை. ரஷ்யாவின் பைக்கால் 46 இவ்வகையில் பெயர் பெற்றது. இதற்குச் சிலிண்டர் தேவையில்லை, பழுதும் குறைவு. ஆனால் எழுபத்தைந்து நிமிடங்களில் அறுபது குண்டுகள் சுட வேண்டிய ஆட்டத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுமி அறுபது முறை நெம்புகோலை இழுத்தால், சுடும் கை பாதி ஆட்டத்திலேயே சோர்ந்துவிடும். மற்றொன்று அழுத்தக் காற்றுச் சிலிண்டர் பொருத்திய வகை. ஸ்டையர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்தினி ஆகிய ஐரோப்பியப் பெயர்கள் எல்லாம் இவ்வகைக்கே உரியவை. இவற்றின் உயர்ந்த மாதிரிகள் புதிதாக லட்ச ரூபாயைத் தாண்டும். எனவே மூத்த வீரர் ஒருவர் பயன்படுத்தி விற்கும் பழைய பிஸ்டலே சிக்கனமான குடும்பத்துக்கு உகந்தது என்பேன். ஆனால் அதன் சிலிண்டரில் பொறித்த தேதியைப் படிக்காமல் பணம் கொடுத்துவிடக் கூடாது. பத்தாண்டு கடந்த சிலிண்டரைச் சர்வதேச விதி ஏற்பதில்லை. புதிய சிலிண்டரின் விலையையும் பேரத்தில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பெட்டியோடு வந்த, தயாரிப்பாளர் சுட்டுப் பார்த்த சோதனை அட்டையையும் கேட்டு வாங்குவது நல்லது. சிலிண்டருக்கு வேண்டிய 200 பார் அழுத்தத்தில் பஞ்சர் கடைக் காற்று இருபதில் ஒரு பங்கை எட்டுவதே அரிது. ஆகையால் காற்று நிரப்பும் வசதி தம் கிளப்பில் உண்டா, இல்லையேல் கைப்பம்பு வாங்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

விலையுயர்ந்த சாதனமும் காலை வாரிவிடுவது உண்டு. டோக்கியோவில் 2021 ஜூலையில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி, விலைமதிப்பற்ற நிமிடங்கள் பல வீணாயின. அவர் 575 புள்ளிகளோடு பன்னிரண்டாமிடத்தில் நின்றார், இறுதிச் சுற்றுக்கோ 577 தேவைப்பட்டது. அதே வீராங்கனை பாரிசில் 580 எடுத்து மூன்றாமவராக இறுதிக்குள் நுழைந்தார். இதற்கு மாறாக, பாரிசில் துருக்கியின் யூசுப் டிகேச் ஒரு கையைக் காற்சட்டைப் பையில் இட்டுச் சாதாரண மூக்குக் கண்ணாடியோடு சுட்டு வெள்ளி பெற்றதைக் கண்டு, கருவியே தேவையில்லை என்று பலர் முடிவு கட்டினர். அது பிழை. அவர் தவிர்த்தது கண்மறைப்பு முதலிய உபகரணங்களை மட்டுமே. அவர் கையில் இருந்தது முதல்தரமான போட்டிப் பிஸ்டல், அதன் பின்னால் இருந்தது பல்லாண்டு அப்பியாசம்.

அப்பியாசத்துக்கும் விலை உண்டு. நாள்தோறும் நூறு குண்டு சுட்டால் ஐந்நூறு குண்டுகள் கொண்ட டப்பா ஐந்து நாளில் தீர்ந்துவிடும். பிஸ்டலுக்கே கையிருப்பு முழுவதையும் செலவழித்த வீட்டில் இரண்டாம் மாதமே பயிற்சி சுருங்கத் தொடங்குவது இயல்பு. கையிருப்பில் பாதியைத் துப்பாக்கிக்கும் மீதியைக் குண்டுகளுக்கும் ரேஞ்ச் கட்டணத்துக்கும் ஒதுக்குவதே நியாயம். முதல் ஆறு மாதம் கிளப் துப்பாக்கியிலேயே பழகட்டும். நம் வட்டாரத்து ரைபிள் கிளப்புகள் சிறிய, நடுத்தர, பெரிய அளவுப் பிடிகள் மூன்றையும் மேசையில் வைத்து, வாங்க வருகிற பிள்ளை ஒவ்வொன்றிலும் ஒரு தொடராவது சுட்டுப் பார்க்க இடம் கொடுக்குமானால், அளவு தவறிய பிடியை வாங்கிவிட்டு அதோடு ஓராண்டு போராடும் பிள்ளைகள் பலர் அந்த ஓராண்டைக் காப்பாற்றிக்கொள்வார்கள்.