வேலிக்கு உள்ளே, வேலிக்கு எதிரே

'புஷ்பா 2', 'விடுதலை பாகம் 2' ரெண்டையும் செடெனாக்கில் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் பார்த்தேன். ரெண்டுமே 2024 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகங்கள். ரெண்டிலும் காடு, போலீஸ், எதிர்த்து நிக்கிற ஒரு ஆள்.

சுகுமாரின் புஷ்பா, முதலமைச்சர் தன்னோட போட்டோ எடுக்க மறுத்ததும் ஆட்சியையே மாத்தக் கிளம்புறான். விசில் அடிக்கலாம், தப்பில்லை. ஆனா கடைசியில் அவன் மனசு நிறையுறது எதில்? ஒதுக்கி வச்ச அப்பா வீட்டார் ஏத்துக்கிட்டதில். வேலி அப்படியேதான் இருக்கு. இவன் மட்டும் உள்ளே போயிட்டான்.

வெற்றிமாறனின் பெருமாள் வாத்தியார், வேலியை யார் போட்டதுன்னு கேட்கிறார். ஆனால் பேசிக்கிட்டே இருக்கிறார். முதல் பாகத்தில் குமரேசனின் கண் வழியாக நாமே பார்த்துப் பதறினோம். இதில் அவன் ஓரமாக நின்னு கேட்கிறவன் ஆயிட்டான். காட்சி செய்ய வேண்டிய வேலையை வசனம் செய்யுது.

நம்ம ஐசியில் அப்பா பெயர்தான் இருக்கு, சாதிப் பெயர் இல்லை. கல்யாணப் பேச்சு வந்ததும் மட்டும் "என்ன ஆளுங்க?" என்று கேட்கிறாங்க. அப்படிக் கேட்கிறவங்க வீட்டில்தான் புஷ்பா இடம் தேடுறான். வாத்தியார் அந்தக் கேள்வியையே மடக்குகிறார். சினிமாவாக புஷ்பா முந்துது. இருந்தாலும் நான் வாத்தியார் பக்கம்தான்.