படம் பார்ப்பவரும் படலை திறப்பவரும்

யாழ்ப்பாணத்துப் புத்தூரில் ஒரு பெண் கர்ப்பமுற்றால் அவளைத் தேடி முதலில் வீட்டுக்கு வருபவர் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தர். சில ஆயிரம் பேரின் தாய்சேய் நலம் அவர் ஒருவரின் கையில். படலை திறந்து உள்ளே போய் நிறை, இரத்த அழுத்தம் மட்டுமல்ல, அடுப்பில் என்ன இருக்கிறது, மாமியாரின் முகம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டுத்தான் வருவார். அதே வீட்டில் ஒருவருக்கு சி.டி. ஸ்கான் தேவைப்பட்டால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போக நேரலாம். அந்தப் படத்தை வாசித்து அறிக்கை எழுதும் கதிரியக்க வைத்திய நிபுணரை நோயாளி பெரும்பாலும் காண்பதே இல்லை.

செயற்கை நுண்ணறிவு இந்த இருவரில் யாருடைய வேலையைப் பறிக்கும் என்று கேட்டால், படம் பார்ப்பவரைத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள். 2016இல் செயற்கை நுண்ணறிவு ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான ஜெப்ரி ஹின்டனும் அதையே சொன்னார். ஐந்து ஆண்டுகளில், மிஞ்சினால் பத்தில், இயந்திரம் முந்திவிடும், ஆகவே இந்த நிபுணர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்தலாம் என்றார். 2024இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆரூடம்தான் பலிக்கவில்லை. அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் 2016க்கும் 2025க்கும் இடையில் கதிரியக்க நிபுணர்களின் தொகை 55 வீதம் கூடி 400ஐத் தாண்டியது. படத்தில் புள்ளியைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலையில் ஒரு பங்கு மட்டுமே. பழைய படத்தோடு ஒப்பிடுவதும், சத்திரசிகிச்சை நிபுணரோடு விவாதிப்பதும், அறிக்கையின் கீழ் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்பதும் மனிதரிடமே இருக்கின்றன.

இயந்திரத்தின் திறமையைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. சுவீடனில் 80,000 பெண்களை வைத்து நடந்த மார்பகப் பரிசோதனை ஆய்வில், படம் வாசிக்கும் சுமை 44 வீதம் குறைந்தது. பிடிபட்ட புற்றுநோய்கள் குறையவில்லை. காசநோய்க்கான நெஞ்சு எக்ஸ்ரேயில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை முதற்கட்டமாகச் சலித்தெடுக்க மனித வாசிப்பாளருக்குப் பதிலாகவே மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. நிபுணர் தட்டுப்பாடுள்ள நாட்டுக்கு இது சின்ன உதவியல்ல.

ஆய்வுகூடத்தில் ஓடிய குதிரை கிராமத்து ஒழுங்கையில் ஓடுமா என்பது வேறு கேள்வி. நீரிழிவால் கெடும் விழித்திரையை இனங்காணும் கூகுளின் கருவியை உருவாக்கியதில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் பங்குண்டு. அந்தக் கருவி தாய்லாந்தின் கிராமத்து மருத்துவ நிலையங்களுக்குப் போனபோது, ஐந்தில் ஒரு படத்தைத் தெளிவில்லை என்று திருப்பியது. வெளிச்சம் போதாத அறை, மெதுவான இணையம். திரும்பத் திரும்பப் படமெடுத்ததும், தூரத்து வைத்தியசாலைக்குப் போகச் சொல்லி நோயாளியைச் சமாளித்ததும் அங்கிருந்த தாதியர்.

குடும்பநல உத்தியோகத்தர் பாதுகாப்பாக இருக்கிறார் என்ற நம்பிக்கை இங்கேதான் ஆட்டம் காண்கிறது. அவருடைய வேலை போகாது, ஆனால் கூடலாம். இந்தியாவில் 2021இல் தாய்மார், சிறுவரின் சத்துணவைக் கவனிக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு 'போஷன் டிராக்கர்' என்ற பதிவுச் செயலி வந்தது. பின்னர் சத்துணவுப் பொதி கொடுக்க முகத்தை அடையாளம் காணும் முறையும் அதில் சேர்ந்தது. செயலி இயங்காவிட்டால் தாயின் ஏச்சு பணியாளருக்கு. பதிவு விழாவிட்டால் மேலதிகாரியின் ஏச்சும் அவருக்கே. எழுத்துவேலையைக் குறைக்க வரும் கருவி கண்காணிக்கும் கருவியாக மாறுவதற்கு அதிக காலம் எடுப்பதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதுதான் இந்த ஒப்பீட்டில் சுவையான இடம். சாம்பியாவிலும் அமெரிக்காவிலும் நடந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்கான் பயிற்சியே இல்லாதவர்கள் மலிவான கருவியை வயிற்றின் மேல் குறித்த முறையில் நகர்த்தினார்கள். சிசுவின் வயதை இயந்திரம், பயிற்சி பெற்றவர்கள் அளந்ததற்கு நிகராகக் கணித்தது. நிபுணரின் வேலையில் ஒரு துண்டு இயந்திரத்தின் வழியாகப் படலை திறப்பவரின் கைக்கு வருகிறது என்றே இதற்குப் பொருள். கதிரியக்க நிபுணர்களுக்கு இயந்திரத்தால் வரும் போட்டி இந்தப் பக்கமிருந்தும் வரலாம். திறன் கூடினால் சம்பளமும் தரமும் கூடுமா? கணிப்புப் பிழைத்தால் யார் பொறுப்பு? நிபுணருக்குக் கையெழுத்து அதிகாரமும் பலமான சங்கமும் இருக்கின்றன. களத்தில் நிற்பவருக்கு இருப்பவை பதிவேடுகள்.

1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையில் வளர்ந்தது குடும்பநல உத்தியோகத்தரின் இந்த வீட்டு வருகை. இலங்கையின் தாய்மார் மரணம் தெற்காசியாவில் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஆகவே வடக்கில் முதல் ரூபாயைக் பேச்சைக் கேட்டு எழுதி, கிளினிக் பதிவேடுகளின் சுமையைக் குறைக்கும் மென்பொருளில் போடுவதே நியாயம். அதுவும் யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டு எழுதுகிறதா என்று சோதித்த பிறகு. எக்ஸ்ரே வாசிக்கும் மென்பொருள் அதற்கு அடுத்தது.

நடைமுறை இதற்கு நேர்மாறாகப் போக வாய்ப்பு அதிகம். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ் இருக்கிறது. கருவி விற்பவர்கள் ஏறும் படி அது. குடும்பநல உத்தியோகத்தரோ மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் பொறுப்பு. எந்த மென்பொருளுக்கும் கேள்விப்பத்திரம் கோருமுன், அதை நாளாந்தம் தட்டப்போகிறவர்களை அழைத்து ஒரு மாதமாவது பாவிக்கக் கொடுத்துப் பார்க்க வேண்டும். வெற்றிடங்களை நிரப்பாமலிருக்க அந்தக் கருவி சாட்டாகாது என்பதையும் மாகாணத் திணைக்களம் எழுத்தில் தர வேண்டும்.