ஒரே நகர்வு, மூன்று முறை

அமெரிக்கக் கால்பந்தில் நகர்வுகளைத் தொகுத்த ப்ளேபுக்கின் தடிமனை வைத்துப் பயிற்சியாளரின் மூளையை அளப்பவர்கள் உண்டு. 2019 பிப்ரவரி 3 அன்று அட்லாண்டாவில் நடந்த இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் அந்த அளவுகோல் எடுபடவில்லை. நான்காவது குவார்ட்டரில் ஸ்கோர் 3-3. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் இரண்டு டைட் எண்டுகளையும் ஒரு ரன்னிங் பேக்கையும் ஒரு ஃபுல்பேக்கையும் இறக்கியது. முட்டி மோதி ஓடப்போகிற கூட்டம் மாதிரி இருந்தது. எதிரணியான ராம்ஸும் அதற்கேற்ற கனத்த ஆட்களையே எதிரே நிறுத்தியது. ஆனால் அந்தக் கூட்டம் மைதானத்தின் அகலத்துக்குப் பரவி நிற்க, குவார்ட்டர்பேக் டாம் பிரேடி பந்தை எறிந்தார். எடெல்மனுக்கு 13 யார்டு, பர்க்ஹெட்டுக்கு 7, கிரான்கோவ்ஸ்கிக்கு 29. மூன்றும் ஒரே நகர்வு, அடுத்தடுத்து! மிச்சமிருந்த 2 யார்டை சோனி மிஷெல் ஓடிக் கடந்தார். 13-3 என முடிந்த ஆட்டத்தில் ஒரே டச்டவுன் அதுதான்.

தோற்ற ராம்ஸும் எளிமையாகத்தானே ஆடியது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதன் பயிற்சியாளர் ஷான் மெக்வே அப்போது பெரும்பாலும் மூன்று ரிசீவர், ஒரு டைட் எண்ட், ஒரு ரன்னிங் பேக் என்றே அணியை நிறுத்தினார். அப்படியே அந்தப் பருவத்தில் 527 புள்ளிகள் எடுத்து லீக்கில் இரண்டாமிடம் பிடித்தார். ஆனால் அது எதிரணிக்கும் வசதி. இன்னின்னார்தான் வருவார்கள் என்று தெரிந்துவிட்டதால், பருவம் முழுக்க ஆளுக்கு ஆள் காவல் காத்த பேட்ரியாட்ஸ் அன்று பெரும்பாலும் இடத்தைக் காத்தது. யோசிக்கும் பாரம் ராம்ஸின் குவார்ட்டர்பேக் ஜாரட் காஃப் தலையில் விழுந்தது. பயிற்சியாளரின் குரல் கேட்கும் ஹெல்மெட் ஸ்பீக்கரோ, பந்து புறப்படுவதற்கான கெடுவைக் காட்டும் கடிகாரத்தில் 15 நொடி இருக்கும்போதே அணைந்துவிடும். அதன்பின் மெக்வே சொல்லிக்கொடுக்க வழியில்லை. பிரேடி பக்கம் நிற்கும் ஆட்கள்தான் வேறு, வேலை பழகிய வேலை. கணக்குப் போட வேண்டியவர்கள் எதிரே நின்றவர்கள். நகர்வுகளை எண்ணுவதைவிட, குழப்பம் எந்தப் பக்கம் என்று பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மூன்று எறிதலை வைத்துக்கொண்டு இவ்வளவு பேசலாமா? 1960-களின் கிரீன் பே பேக்கர்ஸைப் பாருங்கள். பயிற்சியாளர் வின்ஸ் லம்பார்டியின் ஸ்வீப் என்ற ஓட்ட நகர்வு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். முன்வரிசைத் தடுப்பாளர்களான கார்டுகள் இருவர் வரிசையிலிருந்து விலகி முன்னே ஓடுவார்கள். பந்தோடு பின்னால் வருபவர், டைட் எண்ட் தடுக்கும் ஆளை மட்டும் கவனிப்பார்: அவன் உள்ளே ஒதுங்கினால் இவர் வெளியே, அவன் வெளியே வந்தால் இவர் உள்ளே. எதிராளி எதைச் செய்தாலும் பதில் அந்த ஒரே நகர்வுக்குள் இருந்தது. ஏழு பருவங்களில் ஐந்து பட்டம். அணிவகுப்பை மாற்றிக்கொண்டே இருந்த பயிற்சியாளர் டாம் லாண்ட்ரியின் டல்லஸும் பின்னர் இரண்டு சூப்பர் பவுல் வென்றது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பந்து புறப்படுமுன் அவர் ஆட்களை இடம் மாற்றியதும் எதிரணியின் கண்ணைக் கட்டத்தானே!