பகடிவதையும் மன உளைச்சலும்: சொற்பொருள் குறித்துச் சில கருத்துகள்

ஒருவர் மற்றொருவரின் உள்ளத்திற்கு வேண்டுமென்றே ஊறு விளைவிப்பதைக் குறிக்க மலேசியத் தமிழ் நாளிதழ்களில் வழங்கும் சொற்களுள் ‘பகடிவதை’ முதன்மையானது. ஆங்கிலத்திலிருந்து மலாய்மொழி ஏற்றுக்கொண்ட ‘புலி’ என்னும் சொல்லுக்கு ஈடாக இஃது ஆளப்படுகிறது. பிறை வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளின் பேச்சில் ‘புலி பண்றான்’ என்பதே போதும். எழுதிக் காட்டினால்தான் விலங்கு வந்து நிற்கும். ஆகவே தமிழ்ச்சொல் ஒன்று தேவைப்பட்டது உண்மை. வந்து சேர்ந்த சொல் அத்தேவைக்குப் பொருந்துகிறதா என்பதே நம் வினா.

பகடி என்பது கேலி, நகைப்பேச்சு. ஈழத்தமிழரின் அன்றாடப் பேச்சில் அது ‘பகிடி’. அங்குப் பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர் புதியவரை வருத்தும் ‘ராகிங்’ வழக்கத்திற்குப் ‘பகிடிவதை’ என்பதே நிலைத்த பெயர். விளையாட்டு என்னும் போர்வையில் நடப்பதாதலின், அவ்வழக்கத்திற்கு இச்சொல் ஓரளவு பொருந்தவே செய்தது. எனினும் சட்டங்கள் அப்போர்வையைப் பொருட்படுத்தவில்லை. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்துத் தமிழ்நாடு 1997இல் இயற்றிய சட்டமும், இலங்கையின் 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டமும் உடல் ஊறு, உள ஊறு இரண்டையும் ஒருங்கே வைத்து ராகிங்கை வரையறுத்தன. பட்டவருக்கு நேர்ந்ததே அவற்றின் அளவுகோல். நம் சொல்லோ ‘பகடிதானே’ என்னும் செய்தவரின் சாக்கிலிருந்து தொடங்குகிறது.

இத்தொகைச்சொல்லில் வதையே தலைமைச்சொல், பகடி அதற்கு அடைமட்டுமே என்று மறுக்கலாம். ‘சித்திரவதை’ என்னுமிடத்தில் சித்திரத்தை யாரும் நினைப்பதில்லை என்றும் கூறலாம். வலுவான மறுப்புத்தான். மேலும், பகடி என்பது மலேசியத் தமிழரின் நாவில் மிகுதியாகப் புழங்காத சொல்; அதன் மென்மை இங்குப் பலர் செவியில் விழாமலே போகக்கூடும். ஆனால் வகுப்பறையில் நிலை வேறு. தமிழாசிரியர் இச்சொல்லைப் பிரித்தே விளக்குவார்: பகடி என்றால் கேலி, வதை என்றால் துன்புறுத்தல். உறங்கிக் கிடந்த பொருளை நாமே எழுப்பி விடுகிறோம்.

சொல்லின் பரப்பு விரிந்தபோது இடரும் மிகுந்தது. தோழனின் புத்தகப்பையை ஒளித்து வைத்தலும் பகடிவதை. தாக்குதலில் படுகாயமுற்ற 18 வயது இளைஞர் ஒருவர் 2017 ஜூன் 15ஆம் நாள் பினாங்கு மருத்துவமனையில் உயிர்நீத்ததும் தமிழ்ச் செய்திகளில் பகடிவதையின் பெயராலேயே பேசப்பட்டது. உயிர் போன இடத்தில் பகடிக்கு என்ன வேலை? மலேசியக் குற்றவியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2025 ஜூலை 11ஆம் நாள் நடப்புக்கு வந்த புதிய பிரிவுகள், மிரட்டலும் இழித்துரைத்தலும் விளைவிக்கும் தொல்லை, மனவேதனை, அச்சம் ஆகியவற்றைத் தனித்தனியே பெயரிட்டுச் சுட்டுகின்றன. அவற்றைத் தமிழில் தரும்போதும் ‘பகடிவதைச் சட்டம்’ என்று சுருக்கிவிடவே நம் கை முந்துகிறது.

இனி, இதன் துணைச்சொல்லாகிய ‘மன உளைச்சல்’. உளைதல் என்பது உடல்நோவைக் குறித்த வினை. கால் உளைகிறது என்கிறோம். சீதபேதிக்கு வயிற்றுளைச்சல் என்றே பெயர். உடலின் நோவை உள்ளத்திற்கு ஏற்றிய இவ்வாட்சி செறிவானது. இதில் நமக்குக் குறையில்லை. குறை அது வாக்கியத்தில் அமரும் முறையில் உள்ளது. ‘அவர் மன உளைச்சலுக்கு ஆளானார்’ என்பதே வழக்கமான தொடர். இதில் எழுவாய் துன்புற்றவர். துன்புறுத்தியவருக்கு இடமே இல்லை. மழைக்கு ஆளானதுபோல் அவர் உளைச்சலுக்கு ஆளாகிறார். ஒரு சொல் செய்தவருக்குச் சாக்குத் தருகிறது. மற்றது அவரையே மறைத்துவிடுகிறது. இரண்டும் ஒரே செய்தியில் அடுத்தடுத்து வரும்போது குற்றம் யாருடையது என்பது படிப்பவருக்குத் தெளிவாவதில்லை.

பழந்தமிழில் இக்குறை இல்லை. திருக்குறளின் 32ஆம் அதிகாரத்திற்கு ‘இன்னா செய்யாமை’ என்று பெயர். இன்னா என்பது இனிதல்லாதது. அதனை அறிபவர் பட்டவர். செய்தல் என்னும் வினையோ செய்தவரை விடாது பற்றுகிறது. அச்சொல்லை நாளிதழ்த் தலைப்புக்கு மீட்டுக் கொணரலாம் என்று நாம் கூறவில்லை. ‘புண்படுத்துதல்’ இருக்கிறதே எனில், ‘யாரையும் புண்படுத்தும் நோக்கமில்லை’ என்னும் மேடைச் சடங்கில் அது தேய்ந்து போயிற்று. ‘உளத்துன்புறுத்தல்’ சற்று நீளமாயினும் நமக்கு ஏற்புடையது. அது வினையாகும், ‘யார்’, ‘யாரை’ என்னும் இரண்டையும் கேட்டு வாங்கும். பகடிவதையை விடுதிகளில் மூத்தவர் இளையவரை நடத்தும் முறைக்கு மட்டும் ஒதுக்கலாம்.

மாணவர் கட்டுரையில் ‘மன உளைச்சலுக்கு ஆளானான்’ என்று வரும்போது, ‘ஆளாக்கியது யார்?’ என ஆசிரியர் ஓரத்தில் குறிப்பது இலக்கணத் திருத்தமாகவே அமையும்.