கொல்கத்தாவின் நனைந்த வீடுகள்

கொல்கத்தாவில் நீர்வண்ணம் பழகுபவர்களை விடாமல் இழுக்கும் காட்சி ஒன்று உண்டு: மரங்களுக்கு நடுவே ஒரு பழைய வீடு. பச்சை மரச் சட்ட ஜன்னல், காரை உதிர்ந்த சுவர், மேலே கவியும் இலைக்கூட்டம், எல்லாம் ஒன்றில் ஒன்று கரைந்தபடி. இதை இம்ப்ரெஷனிச பாணி என்கிறோம். ஆனால் 1874இல் பாரிஸில் முதல் கண்காட்சி வைத்த மொனேயும் பிஸாரோவும் ஒளியைப் பெரும்பாலும் எண்ணெய் வண்ணத்தில்தான் கட்டினார்கள். கெட்டியான சிறு தீற்றல்களைப் பக்கம் பக்கமாக வைத்து, அவை பார்ப்பவர் கண்ணில் கலக்கும்படி விட்டார்கள். சுவரில் பட்ட வெயிலைக் கடைசியில்கூட மேலே ஏற்றிக்கொள்ள அவர்களால் முடிந்தது. நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது தாளின் வெள்ளைதான். இலை இடுக்கில் விழும் வெயில் புள்ளிகளை முதல் பூச்சுக்கு முன்பே ஒதுக்காவிட்டால் பிறகு அவை கிடைப்பதில்லை. (வெள்ளை வண்ணத்தை மேலே அப்பிச் சமாளிப்பவர்கள் உண்டு, அது வெயிலாகத் தெரியாது, சுண்ணாம்பாகத் தெரியும்.) கண நேரத் தோற்றத்தைப் பிடிக்கும் பாணி, தாளுக்கு வந்ததும் முன்யோசனையைக் கேட்கிறது. அந்த யோசனை இல்லாத படங்களே கண்ணில் அதிகம் படுகின்றன.

கங்கைக் கரையின் ஈரக்காற்றில் எல்லாமே மங்கலாகத்தானே தெரிகிறது, ஈரத்தின் மேல் ஈரம் வைப்பதுதானே இந்த ஊருக்கு நேர்மையான முறை என்று கேட்கலாம். பாதி சரி. குளிர்காலக் காலைப் பனிமூட்டத்தில் தூரத்து மரங்கள் வெளிறி நீலம் பாய்ந்து நிற்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொல்ல வேறு சாதனம் இல்லை. ஆனால் மூட்டம் தூரத்தைத்தான் மங்கவைக்கும். முன்னால் நிற்கும் மாமரத்தின் இலையை அல்ல. எல்லாவற்றையும் ஒரே அளவில் கரைத்துவிட்டால் தூரம் போய்விடுகிறது, தூரத்தோடு மூட்டமும் போய்விடுகிறது. எல்லாவற்றையும் கரைக்கும் இந்தப் பழக்கத்தின் வேர் மொனேயிடம் இல்லை, தாகூர் குடும்பத்தின் ஜோராசாங்கோ வீட்டில் இருக்கிறது என்பது என் எண்ணம். 1903இல் ஜப்பானிலிருந்து வந்த ஓவியர்கள் தைக்கானையும் ஷுன்சோவையும் கண்ட பிறகு, அவனீந்திரநாத் தாகூர் தாளைத் திரும்பத் திரும்ப நீரில் நனைத்துக் காயவைக்கும் வாஷ் முறையை வளர்த்தார். அவருடைய மூட்டம் பழங்கதைக்கும் நினைவுக்கும் உரியது. பத்து மணி வெயிலுக்கு உரியதல்ல. அதை எடுத்து எதிரே நிற்கும் வீட்டின் மேல் போர்த்தினால், பார்த்தது போய் ஏக்கம் மட்டும் மிஞ்சும். மழைக்காலம் இதை இன்னும் கெடுக்கும்: முதல் பூச்சு காயாமல் கிடக்க, மரத்தின் பச்சை சுவரின் காவிக்குள் ஓடிச் சேறாகும். அந்தச் சேற்றுக்கும் ‘சுதந்திரமான தூரிகை’ என்று பாராட்டு கிடைக்கிறது.

கோடு போட்டு இறுக்கினால் அது என்ஜினீயர் வரைபடமாகிவிடாதா என்பது அடுத்த கேள்வி. கோபால் கோஷின் (1913–1980) நிலக்காட்சிகள் இதற்குப் போதுமான பதில். சென்னையில், மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் சிற்பம் பயின்று, 1943இல் கல்கத்தா குரூப் என்ற கலைஞர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரானவர் அவர். வேகமான சில இழுப்புகள், நிறைய விட்டுவைத்த தாள். ஆனால் எது மரம், எது நிலம் என்பதில் குழப்பம் இராது. சிற்பம் பயின்ற கை எடையை அறிந்திருந்தது என்று ஊகிக்கத் தோன்றுகிறது. இங்கே கோடு அளப்பதில்லை, எது நிற்கிறது, எது அசைகிறது என்று பிரித்துக் காட்டுகிறது. வட கொல்கத்தா வீடுகளுக்கு இந்தப் பிரிப்பு அவசியம். கார்னிஸில் முளைத்த அரசங்கன்றின் வேர் செங்கல் இடுக்கில் இறங்கிச் சுவரைப் பிளக்கிறது. மரம் அங்கே வீட்டுக்கு அலங்காரம் அல்ல. இரண்டையும் ஒரே ஈரத்தில் கரைக்கும் படம் இந்தச் சண்டையை அழகாக்கி மறைத்துவிடுகிறது. அதே சுவரின் நிழலில் இலைகளிலிருந்து தெறித்து வரும் பச்சை ஒளியை மட்டும் கோட்டால் பிடிக்க முடியாது. அதற்கு ஈரத்தில் கரைக்கும் பாணிதான் வேண்டும். அந்த ஒரு இடத்தில் நீரைத் தாராளமாக ஓடவிட்டு, வேர் சுவரைத் தொடும் விளிம்பைக் காய்ந்த தாளில் வைக்கும் ஓவியரிடம் எனக்குப் புகார் இல்லை.