காட்டுவதும் ஒரு கலைதான்: ஊர் தியேட்டரை எப்படி ரசிப்பது?

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ரசனை பற்றிப் பாடம் எடுக்க முடியாது. கோயில் திருவிழாவில் நாயனம் ஓரிடத்தில் ஸ்ருதி பிசகினால், எதிரே தரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் முகத்தைச் சுளிப்பார். தவில்காரர் கை சுத்தமாக விழுந்தால் "பேஷ்" என்று தலையை ஆட்டுவார். அதே பெரியவர் மறுநாள் சினிமாவுக்குப் போகிறார். திரை மங்கல், வசனம் பாதி புரியவில்லை. வெளியே வந்து, "படம் சுமார்தாம்ப்பா" என்கிறார். படம் சுமாரா, அதைக் காட்டிய விதம் சுமாரா என்று கேட்க அவருக்குத் தோன்றுவதே இல்லை.

டைரக்டர் முடித்துக் கொடுத்ததோடு ஒரு படம் முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு காட்சியிலும் யாரோ ஒருவர் அதைத் திரும்ப நிகழ்த்திக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த வேலையைக் கவனிக்கப் பழகிவிட்டால் கொடுத்த காசுக்கு இரண்டு மடங்கு ரசிக்கலாம். அதற்கு ஏற்ற இடம், ஊர்க்காரர் ஒருவர் சொந்தக் காசைப் போட்டு நடத்தும் நல்ல தியேட்டர்.

யாருடைய தியேட்டர்?

நம் பக்கத்தில் சினிமா காட்டும் தொழிலே உள்ளூர்த் துணிச்சலில் பிறந்ததுதான். 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ப்ரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கொட்டகை போட்டுக் காட்டக் கிளம்பினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைத் திறந்தார். பிறகு டெல்டா கிராமங்களுக்கு டூரிங் டாக்கீஸ் வந்தது. தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்பு. ஒரே ப்ரொஜெக்டர் இருந்த கொட்டகைகளில் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும், முறுக்குத் தட்டு உள்ளே வரும்.

தஞ்சாவூர் டவுனில் ஞானம், கிருஷ்ணா, யாகப்பா, ஜூபிடர், சாந்தி, கமலா, திருவள்ளுவர் என்று பெயர்களைச் சொன்னாலே ஒரு தலைமுறைக்கு வயது குறைந்துவிடும். இவற்றில் சில இன்று வெறும் பெயராக, பஸ் ஸ்டாப்பு அடையாளமாக மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பழைய பஸ் ஸ்டாண்டும் காமராஜர் மார்க்கெட்டும் புதிதாக எழுந்து, அய்யன்குளத்தில் மறுபடி தண்ணீர் நிற்கிற இந்த நாளில், டவுனுக்குள் மாலை நேரத்தில் போக ஒரு காரணம் மறுபடி கிடைத்திருக்கிறது. தியேட்டருக்கும் அது நல்ல காலம்.

பெரிய கம்பெனிகளின் கை ஓங்கியிருப்பது உண்மை. சென்னையின் பெருமையாக இருந்த சத்யம் 2018இல் பி.வி.ஆர். கைக்குப் போனது, 2023இல் பி.வி.ஆரும் ஐநாக்ஸும் ஒன்றாயின. ஆனால் சின்ன ஊரில் பெரிய தியேட்டர் எடுபடாது என்று யாராவது சொன்னால் சூளூர்ப்பேட்டையைக் காட்டுங்கள். தமிழ்நாட்டு எல்லைக்கு அப்பால் இருக்கும் அந்தச் சிற்றூரில் 2019 ஆகஸ்டில் 'சாஹோ' படத்தோடு திறந்த வி எபிக் தியேட்டரின் திரை 100 அடிக்கும் அதிக அகலம். அதைப் பார்க்கவென்றே சென்னையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

எந்த சீட்டு?

பழைய தியேட்டரில் பின்பக்கத்துப் பால்கனிக்கு இருந்த மரியாதை பரம்பரையாக வந்து, இன்றைக்கும் பலர் "கடைசி வரிசை கொடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். அது பழக்கம், கணக்கு அல்ல. ஸ்பீக்கர்களைச் சரிபார்க்க வருகிற என்ஜினியர், திரையிலிருந்து பின்சுவர்வரை உள்ள தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவாகத்தான் மைக் வைத்து அளக்கிறார். அந்த இடத்துச் செவிக்காகத்தான் மொத்த ஹாலின் சத்தமும் ட்யூன் செய்யப்படுகிறது. ஆகவே பதினைந்து வரிசை என்றால் ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், நடைபாதையை ஒட்டாமல் நடுவில் கேளுங்கள். கடைசி வரிசையில் பின்சுவர் ஸ்பீக்கர் உங்கள் பிடரியிலேயே பேசும். முன்னால் இருப்பது கேட்காது.

கண்ணுக்கு வேலை

படம் தொடங்கியதும் முதலில் நான்கு மூலைகளைப் பாருங்கள். எழுத்துகள் நடுவில் கூர்மையாக இருந்து ஓரத்தில் கரைந்தால் ஃபோகஸ் சரியில்லை. அடுத்து, படம் திரையை விட்டு வழிகிறதா, மேலும் கீழும் சாம்பல் பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். அகலமான ஸ்கோப் படத்துக்கு ஒரு அளவு, அகலம் குறைந்த படத்துக்கு வேறு அளவு. அதற்கேற்பக் கறுப்புத் துணியை இழுத்து ஓரத்தை மூடும் தியேட்டரில் படம் சட்டம் போட்டது போல நிற்கும். அந்த வேலையை இன்னும் விடாமல் செய்கிற உரிமையாளரை நம்பலாம்.

ஸ்கோப் என்றதும் தஞ்சாவூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காரலாம். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. சிவாஜி கணேசன் நடிக்க, ஏ.பி. நாகராஜன் இயக்கியது. தயாரித்த ஜி. உமாபதி சென்னை ஆனந்த் தியேட்டரின் உரிமையாளர். பெரிய கோயிலுக்குள் படம்பிடிக்க அனுமதி கிடைக்காததால் சென்னையில் கோயிலையே செட்டாகப் போட்டார்கள். தியேட்டர் நடத்துகிறவர் தயாரிப்பாளரானதால் திரையின் அகலத்தைப் பற்றி முதலில் யோசித்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். அந்தக் கோயில் விமானத்தை ஒடுங்கிய திரையில் பார்ப்பதற்கும் விரிந்த திரையில் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்கோப்.

மூன்றாவது, இருட்டு. வெயிலில் எடுத்த காட்சி எந்த ப்ரொஜெக்டரிலும் நன்றாகத்தான் இருக்கும். ராத்திரிக் காட்சியில்தான் தியேட்டரின் தரம் தெரியும். திரையிலிருந்து வரும் வெளிச்சம் 48 நிட் இருக்க வேண்டும் என்பது உலகளவில் ஒப்புக்கொண்ட அளவு. விளக்கு பழையதாகிவிட்டால் அது குறைந்துகொண்டே வரும். உங்களிடம் மீட்டர் வேண்டாம். இரவுக் காட்சியில் நடிகரின் கறுத்த முடி பின்னால் உள்ள இருட்டிலிருந்து பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள், போதும். 2024 செப்டம்பரில் வந்த பிரேம்குமாரின் 'மெய்யழகன்' இதற்கு நல்ல பரீட்சை. தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போனவர் நீடாமங்கலத்துக் கல்யாணத்துக்குத் திரும்பி வருகிறார். கதையின் பெரும்பகுதி ஒரே ராத்திரியில் நடக்கிறது. அரவிந்த்சாமியின் முகத்தில் கூச்சமும் குற்றவுணர்ச்சியும் வந்து போவதை மங்கல் திரையில் பார்த்தவர்களுக்குப் படம் நீளமாகத் தெரிந்திருக்கலாம். வெளியான சில நாளிலேயே சுமார் 18 நிமிடத்தைக் குறைத்தார்கள். அதில் எத்தனை நிமிடம் மங்கலான திரைகளின் பாவமோ!

காதுக்கு வேலை

தஞ்சாவூர் அரண்மனையில் இசை கேட்பதற்கென்றே கட்டிய சங்கீத மகால் இருக்கிறது. சுவரும் கூரையும் சேர்ந்துதான் பாட்டை நல்லதாக்கவோ கெடுக்கவோ செய்யும் என்பது இந்த ஊருக்கு நாயக்கர் காலத்திலிருந்தே தெரியும். நீங்களும் அந்தப் பரீட்சையை வைக்கலாம். கூட்டம் வருவதற்கு முன் உள்ளே போய் ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். சத்தம் சட்டென்று அடங்கினால் நல்ல ஹால். வாலாட்டிக்கொண்டு திரும்பி வந்தால், வேகமான வசனம் ஒன்றும் அங்கே புரியாது.

படத்தில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் வசனம். அது திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருவது. பேசுகிறவர் வாயிலிருந்தே வருகிற உணர்வு வேண்டும். அடுத்தது அளவு. தியேட்டர் சவுண்ட் பெட்டியில் 7 என்ற இடம்தான் ஸ்டூடியோவில் கலவை செய்தபோது வைத்திருந்த அளவு. பல தியேட்டர்களில் அதைக் குறைத்து 5 பக்கம் வைத்திருப்பார்கள். ஹீரோ வரும்போது ஆபரேட்டர் கை தானாக மேலே போகும். முதல் நாள் கூச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமே! அந்தக் கைக்கும் ஒரு நேரம், பக்குவம் உண்டு. பாட்டுக்குத் திரையைச் சுற்றி சீரியல் லைட் ஓடவிட்ட ஆபரேட்டர்களின் வாரிசு அவர். சத்தத்தைக் கூட்டியவர் அடுத்த காட்சியில் அம்மா பேசும்போது குறைக்கிறாரா என்று பாருங்கள். குறைத்தால் கெட்டிக்காரர்.

மூன்றாவது, சுற்றுச் சத்தம். டால்பி அட்மாஸ் 2012இல் உலகுக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் 'சிவாஜி' படத்தின் 3டி வடிவம் அந்த முறையில் வெளியானது. தலைக்கு மேலேயும் ஸ்பீக்கர் இருப்பதுதான் இதில் புதுமை. ஹெலிகாப்டர் பறப்பதற்கு மட்டும் அல்ல அது. 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்துக்குச் சிறந்த ஒலி வடிவமைப்புக்கான தேசிய விருது ஆனந்த் கிருஷ்ணமூர்த்திக்குக் கிடைத்தது. அந்தப் படத்தை மறுபடி போட்டால் ஒருமுறை போரை விட்டுவிட்டு ஆற்றையும் காற்றையும் குதிரைக் குளம்பையும் மட்டும் கேளுங்கள். காவிரிக் கரையில் வளர்ந்த காது பொய்த் தண்ணீரைக் கண்டுபிடித்துவிடும். கடைசியாக, யாரும் பேசாத ஒரு காட்சியில் ஏ.சி. மெஷின் இரைச்சல் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால், வெறும் குஷன் சீட்டுக்கும் லாபி விளக்குக்கும்தான் செலவழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எந்த ஷோ?

இங்கே தியேட்டரின் காலண்டரை எழுதுவது நெல்தான். குறுவை அறுத்துக் கையில் காசு புழங்கும்போது தீபாவளிப் படம். சம்பா அறுப்பை ஒட்டிப் பொங்கல் படம். அந்த நாட்களின் முதல் காட்சிக்குப் போனால் கூட்டத்தையே ரசியுங்கள்: எந்த வசனத்துக்கு முன் வரிசை எழுந்தது, எதற்குப் பின் வரிசை சிரித்தது என்று. படத்தை ரசிக்க இரண்டாவது வாரம், வார நாள், ஃபர்ஸ்ட் ஷோ. கடைசி பஸ் கவலையில்லாமல் பெயர் ஓடி முடியும்வரை உட்காரலாம்.

பழைய படம் மறுவெளியீடு வந்தால் விடாதீர்கள். பழைய படத்துக்கும் கூட்டம் வரும் என்பது 2012இல் 'கர்ணன்', 2024இல் 'கில்லி' என்று நிரூபணமாகிவிட்ட விஷயம். மாயவரத்தில் பிறந்த தியாகராஜ பாகவதரும் தஞ்சாவூர் டி.ஆர். ராஜகுமாரியும் நடித்த 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அப்படியொரு படத்தை எந்த டெல்டா தியேட்டராவது ஒரு ஞாயிறு காலை போடட்டும். கேட்டால்தான் போடுவார்கள். ஊர்க்காரர் தியேட்டரில் கேட்க முடியும் என்பதுதான் விசேஷமே. போட்டால், பக்கவாட்டில் இழுத்து ஆட்களைக் குண்டாக்காமல், சதுரத்துக்குக் கிட்டத்தட்ட வருகிற அந்தப் பழைய அளவிலேயே காட்டுகிறார்களா என்று பாருங்கள்.

கேன்டீனும் ரசனையில் சேர்த்தி

டிக்கெட் காசில் பெரும்பங்கு முதல் வாரம் விநியோகஸ்தருக்குப் போகும். வாரம் ஆக ஆகத்தான் தியேட்டர்காரர் பங்கு கூடும். படங்கள் இரண்டு வாரம் நிற்பதே அபூர்வமான காலத்தில் அவருக்குக் கை கொடுப்பது கேன்டீன். 2025 செப்டம்பர் முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18. ஒரு ரூபாய் கூட்டினாலே வரி தாவும் என்பதால் விலை வைப்பதும் கத்திமேல் நடப்பதுதான். ஆகவே இடைவேளையில் ஒரு காபி வாங்கிக் குடியுங்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மெஷினில் தூள் காபி பிழிந்து கொடுத்தால், அதையும் குறையாகக் குறித்துக்கொள்ளுங்கள். சுடச்சுட முட்டை பப்ஸும் சமோசாவும் கிடைக்கிற இடத்தில் ஐந்நூறு ரூபாய் பாப்கார்ன் காம்போ எதற்கு?

வாயைத் திறந்து சொல்லுங்கள்

காட்சி முடிந்ததும் பைக்கை எடுக்க ஓடாதீர்கள். மேனேஜர் ரூம் திறந்திருக்கும்; பல நாள் உரிமையாளரே கவுண்டர் பக்கம் நிற்பார். "சவுண்டு சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. "ஜே வரிசையில் உட்கார்ந்திருந்தேன், இடதுபக்கச் சுவர் ஸ்பீக்கர் ஒன்று அதிர்கிறது" என்றால், அடுத்த ஷோவுக்கு முன் ஆளை ஏற்றிப் பார்ப்பார். "இடைவேளைக்குப் பிறகு ஓரத்தில் ஃபோகஸ் விட்டது" என்றால் ஆபரேட்டரைக் கூப்பிடுவார். நன்றாக இருந்தால் அதையும் அதே மாதிரி குறிப்பாகச் சொல்லுங்கள்; ஆபரேட்டர் பெயரைக் கேட்டு அவரிடமே சொன்னால் இன்னும் நல்லது. பெரிய கம்பெனித் தியேட்டரில் உங்கள் குறை ஒரு படிவத்தில் ஏறி வேறு ஊர் ஆபீசுக்குப் போகும். இங்கே அது எதிரில் நிற்கிற ஆளின் மானப் பிரச்சினை. அடுத்த வாரம் அதே ஜே வரிசைக்கு டிக்கெட் எடுத்து, அந்த ஸ்பீக்கரைச் சரிசெய்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.