ஓவியம் காணும் கண்

கவின்கலைகளுள் இசை செவிக்குரியது, ஓவியம் கண்ணுக்குரியது. யாழ்ப்பாணத்துச் சைவமக்களாகிய நாம் செவியை நன்கு பழக்கியவர்கள். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் நமது வாழ்க்கை நெறியைக் கந்தபுராண கலாசாரம் எனக் குறித்தார்கள். கோயில் மண்டபத்தில் ஒருவர் புராணத்தை இராகத்தோடு படிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, எழுத்தறியாதாரும் அமர்ந்து கேட்டுச் சுவைத்தமை அக்கலாசாரத்தின் பெருமை. ஆனால், அதே மண்டபச் சுவரிலுள்ள சித்திரத்தின் முன்னே நாம் எத்துணை நேரம் நிற்கின்றோம்? சூரன்போர் என்றறிந்ததும் கைகூப்பி அப்பாற் செல்கின்றோம். கதையை அறிந்தோம், ஓவியத்தைக் கண்டோமில்லை.

ஓவியம் கதைக்கு வெறுந்துணை என்னும் எண்ணமே இக்குறைக்குக் காரணம். அவ்வெண்ணம் பிழையென்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் காட்டும். முதலாம் இராசராசன் எடுப்பித்து 1010 ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய அக்கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர்கால ஓவியங்களின் கீழே சோழர்கால ஓவியங்கள் மறைந்திருந்தன. 1931 ஆம் ஆண்டில் எஸ். கே. கோவிந்தசாமி என்னும் அறிஞர் அவற்றைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அவற்றுள் ஒன்று சுந்தரர் வரலாறு. கீழே, மணப்பந்தரில் வந்த கிழவேதியர் ஓலை காட்டி வழக்காடுகின்றார். மேலே, வெள்ளையானைமீது சுந்தரரும் குதிரைமீது சேரமான் பெருமாளும் கயிலை நோக்கி விரைகின்றனர். கயிலையில் இறைவன் புலித்தோல்மீது வீற்றிருந்து ஆடல் காண்கின்றான்.

சேக்கிழார் பெரியபுராணம் பாடியது பன்னிரண்டாம் நூற்றாண்டில். சுவரோவியமோ அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முற்பட்டது. ஆகவே, ஓவியன் சேக்கிழார் சொன்னதை வண்ணத்திற் பெயர்த்தெழுதினானல்லன். அவர் பாடுமுன்னரே தன் கோட்டினாலும் நிறத்தினாலும் அவ்வரலாற்றைத் தானே கூறிவிட்டான். புலவன் நிகழ்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகவே சொல்லல் கூடும். ஓவியனோ வழக்கையும் வீடுபேற்றையும் ஒரே சுவரில் ஒருங்கு வைக்கின்றான். கீழே யாரைப் பித்தனென்று வைதாரோ, மேலே அவனிடமே செல்கின்றார் சுந்தரர். கண் ஒருமுறை மேலுயர, இரண்டிற்கும் இடைநின்ற அருள் சொல்லின்றியே விளங்குகின்றது. இவ்வாறு காண்பதே ஓவியச் சுவை.

1877 இற் கொழும்பிற் பிறந்து, பின்னர் பொஸ்ரன் நூதனசாலையிற் பணியாற்றிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, கலை நூதனசாலைக்குரிய அலங்காரமன்று, வாழ்வுக்கு வேண்டுவனவற்றைச் செவ்வனே செய்யும் நெறியே அது என வற்புறுத்தினார். கோயில் வாகனத்துக்கு வண்ணந் தீட்டுவோனும், முற்றத்திற் கோலமிடும் பெண்ணும் இதற்குச் சான்று. எனவே, கலையை மறந்த பண்பாடு ஓர் அணியை மட்டும் இழப்பதில்லை. செவ்வனே செய்யும் பழக்கத்தையே இழக்கின்றது.

போரும் இடப்பெயர்வும் கண்ட மண்ணில் ஓவியம் எதற்கென வினவுவார் உளர். அத்துயர்க் காலத்தும் இங்கிருந்து இளைஞர்க்கு ஓவியம் பயிற்றிய அ. மாற்கு போன்ற ஆசிரியர்களின் வாழ்வே அவர்க்கு விடை.

குறை பிறரிடத்து மட்டுமன்று. யான் முன்னர்க் கற்பித்த பாடசாலை ஒன்றிற் பரீட்சை நெருங்கினாற் சித்திர பாடவேளையைக் கணிதத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஒருநாள் மாணவன் ஒருவன் கணிதக் கொப்பியின் பின்பக்கத்திற் கோயிற்றேரை வரைந்திருந்தான். அத்தாளைக் கிழிக்கச் சொன்னேன். அவன் கிழித்தான். சக்கரத்தின் ஆரக்கால்களை அவன் எண்ணி வரைந்திருந்தமையைப் பின்னரே கண்டேன். பண்பாடு பற்றி மேடையிற் பேசிய நாவும் அதனைக் கிழிக்கச் சொன்ன நாவும் ஒன்றே.

தஞ்சையிற் பழைய ஓவியத்தை மறைத்தவர் அதன்மேற் புதிய ஓவியமாவது தீட்டினர். இக்காலத் தொல்லியலார் மேற்படையைப் பிரித்தெடுத்து இரண்டையும் காத்தனர். நாமோ திருப்பணியின்போது பழஞ்சித்திரத்தின்மேல் வெள்ளையடித்து அமைகின்றோம். அடியில் இருந்தது யாதென அறிவாருமில்லை. பூச்சுக்கு முன்னர் ஒரு நிழற்படமாவது எடுத்து வைத்தல் அரிதோ?

புராணத்துக்குப் பயன் சொல்வார் இருந்தமைபோல ஓவியத்துக்கும் பயன் சொல்வார் வேண்டும். ஆசிரியர்கள் மாணவரை ஊர்க்கோயிலுக்கு அழைத்துச் சென்று, ஒரே சித்திரத்தின்முன் கால்மணி நேரம் நிற்கச் செய்வாராக. முதலிற் கண் காணட்டும். கதை பின்னர் வரும். செவியாற் பண்பாடு வளர்த்த நாடு கண்ணாலும் அதனை வளர்த்தல் கூடும்.